போலி பைப்பு, பெக்ஸ், கம்பி பின்னின ஹோஸ்: என் குசினியில் பத்து மாதம்

எங்கள் பக்கத்தில் கறுப்பு பாலிஎத்திலீன் குழாய்க்குப் பெயர் ‘போலி பைப்பு’. மலாய்க்காரர்கள் பாய்ப் போலி என்பார்கள், நாங்களும் அப்படியே பிடித்துக்கொண்டோம். தமிழ்நாட்டிலிருந்து கல்யாணமாகி வந்த என் தம்பி மனைவிக்கு ஹார்ட்வேர் கடை பில்லை வாசித்துக் காட்டினேன். “போலின்னு சொல்லியே விக்கிறாங்களா அண்ணி? நீங்களும் தெரிஞ்சே வாங்குறீங்களா?” என்றாள். அன்று முழுக்கச் சிரித்தோம். ஆனால் நான் வாங்கிய மூன்று வகையில் கடைசி வரை ஏமாற்றாதது இந்தப் போலிதான்.

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் வீட்டிலேயே முறுக்கு சுட்டு விற்கிறேன். இட்லி மாவும் உண்டு. தோட்டத்து லயத்தை (தொழிலாளர் வரிசை வீட்டை) விட்டு தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீட்டுக்கு வந்து முப்பது வருடம் தாண்டிவிட்டது. லயத்தில் இருபது குடும்பத்துக்கு ஒரு பைப்படி. அம்மா பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, கிளம்பிப் போன பிறகு நானும் தம்பியும் வாளியை வரிசையில் வைத்துவிட்டுத் தூங்குவோம். அதனால் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் வருவதே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. அது எப்படி வருகிறது என்று நான் கேட்டதே இல்லை.

சிப்புட் என்றால் மலாயில் நத்தை. என் குழாய்களும் ஊர்ப் பெயரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தன. காலையில் முதல் வாளி தேநீர் நிறத்தில் வரும். அதை ஊற்றிவிட்டுத்தான் மாவு பிசைவேன். சுவருக்குள் இருந்தது பழைய ஜி.ஐ. இரும்புப் பைப்பு. மேலே பூசிய துத்தநாகம் கரைந்துபோன பிறகு உள்ளே துரு ஏறி, தடித்து, முடிச்சு முடிச்சாக வளர்ந்திருக்கிறது. பிளம்பர் தம்பி (கூடப் பிறந்தவன் இல்லை, இனி தம்பி என்றால் இவன்தான்) ஒரு துண்டை அறுத்து என் கையில் கொடுத்தான். வெளியே முக்கால் அங்குலம். உள்ளே என் மகளின் பென்சில் மட்டும்தான் நுழைந்தது, அதுவும் சுரண்டிக்கொண்டு.

இருந்தாலும் நான் அவனைக் கூப்பிட்டது துருவுக்காக இல்லை, ஹோஸ் வெடித்ததால். தீபாவளிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, ராத்திரி இரண்டு மணிக்கு, சிங்க்குக்கு அடியில் இருந்த கம்பி பின்னின ஹோஸ் பிய்த்துக்கொண்டது. எழுந்து பார்த்தபோது கணுக்கால் அளவு தண்ணீர். தரையில் வைத்திருந்த இரண்டு மூட்டை அரிசி மாவு கஞ்சியாகிவிட்டது. ஹோஸ் பொருத்தி மூன்று வருடம்கூட ஆகவில்லை. அதைப் போட்டுக் கொடுத்தவருக்கு போன் செய்தேன். தொடர்பையே துண்டித்துவிட்டார். போகட்டும்.

அந்த ஹோஸை நான் தூக்கிப் போடவில்லை. கத்தியால் அறுத்துப் பார்த்தேன். உள்ளே கறுப்பு ரப்பர்க் குழல், அதைச் சுற்றித் தலைப்பின்னல் மாதிரி கம்பி. தாங்குவது கம்பிதான். ரப்பர் தண்ணீரை அடக்கி வைக்கிறது, கம்பி ரப்பரை அடக்கி வைக்கிறது. நட்டுக்குப் பக்கத்தில் நாலு கம்பி அறுந்து, பழுப்பேறி, விரலால் தொட்டாலே பொடியாக உதிர்ந்தது. எவர்சில்வர் எப்படித் துருப்பிடிக்கும் என்று தம்பியிடம் கேட்டேன். அவன் சிங்க்குக்கு அடியில் எட்டிப் பார்த்து, “அக்கா, பிளீச் போத்தலை இங்கதான் வைக்கிறீங்களா?” என்றான். அங்கேதான். மூடி சரியாக மூடாத பிளீச்சிலிருந்து எழும் ஆவி அந்த மூடிய பெட்டிக்குள்ளேயே சுற்றி கம்பியைத் தின்றுவிடுமாம். போதாததற்கு ஹோஸ் நீளம் பத்தாமல், நட்டின் கழுத்திலேயே சடாரென்று மடக்கி மாட்டியிருந்தார்கள். பாதித் தப்பு என்னுடையது என்று அன்றைக்குத் தெரிந்தது. போன் துண்டித்தவர் மேல் கோபம் மட்டும் குறையவில்லை.

அந்த ரப்பரைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கோல கங்சாரில் 1877-ல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது. எங்கள் அம்மா இருபத்தாறு வருடம் பால் வெட்டினார். அந்தக் குடும்பத்துப் பெண் நல்ல ஹோஸ் வாங்கப் போனால், பாக்கெட்டில் ஈ.பி.டி.எம். என்று இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார்கள். அது பெட்ரோலிய ரப்பர். தண்ணீரில் கலக்கும் குளோரினையும் சூட்டையும் அது தாங்கும், மரத்துப் பால் ரப்பர் சீக்கிரம் வெடித்துப்போகும். அம்மா வெட்டிய பாலில் ஒரு சொட்டுகூட அதில் இல்லை.

புது ஹோஸ் வாங்கும்போது பின்னல் அலுமினியமா 304 ரக எவர்சில்வரா என்று கேட்டு வாங்கினேன். தூக்கிப் பார்த்தாலே எடை சொல்கிறது. நட்டு பித்தளை. வளைவு நிதானமாக வரும்படி கொஞ்சம் நீளமாகவே எடுத்தேன். கையால் இறுகும் வரை திருகி, அதற்கு மேல் ஸ்பேனரில் கால் சுற்று. அவ்வளவுதான். மல்லுக்கட்டினால் உள்ளே வாஷர் நசுங்கி, அங்கேயே கசியும். ஐந்து வருடத்தில் மாற்றிவிட வேண்டும் என்று கேபினெட் கதவின் உள்பக்கம் தேதி எழுதி ஒட்டியிருக்கிறேன். இந்த ஹோஸ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், குழாயையும் சுவரையும் இணைக்கும் கடைசி ஒரு முழத்துக்குத்தான். இதையே சுவருக்குள் நீளமாக ஓட்டலாமா என்று கேட்ட என் மச்சானுக்குத் தம்பி பதிலே சொல்லவில்லை, பார்த்தான், அவ்வளவுதான்.

இனி வீட்டு வழி முழுக்க மாற்றும் கதை. சுவரை உடைக்க மனமில்லை, காசும் இல்லை. பழைய இரும்பைச் சுவரிலேயே சாகவிட்டு, புது வழியை சிலிங்குக்கு மேலே ஓட்டி, தேவையான இடத்தில் கீழே இறக்குவது என்று முடிவு. மூலைக்கு மூலை எல்போ போட்டு ஒட்டுகிற வெள்ளை பி.வி.சி.யை விட, வளைந்து போகும் குழாய்தான் இதற்குச் சரி. ஒட்டுகள் குறைந்தால் கசியும் இடமும் குறைந்தது என்றான் தம்பி.

எங்கள் ஊர் ஹார்ட்வேர் கடைத் தவுக்கேவுக்கு (முதலாளிக்கு) தமிழ் தெரியும், கோபம் வந்தால் இன்னும் நன்றாகத் தெரியும். கறுப்புச் சுருளைக் காட்டினார். நீளவாக்கில் நீலக் கோடு, குடிதண்ணீருக்கு உரியது என்பதற்கு அடையாளம். மேலே வெள்ளையில் அச்சடித்திருந்ததை வாசித்தேன்: எம்.எஸ். 1058, பி.இ. 100, எஸ்.டி.ஆர். 11, பி.என். 16. என்ன இது, மாட்டு வண்டி நம்பரா என்று கேட்டேன். தம்பி விளக்கினான். முதலாவது மலேசியத் தர எண். பி.இ. 100 என்பது பாலிஎத்திலீனின் ரகம். கடைசி, 20 டிகிரித் தண்ணீரில் 16 பார் அழுத்தம் தாங்கும் என்பது. எஸ்.டி.ஆர். என்பது வெளிவிட்டத்தைச் சுவரின் தடிப்பால் வகுத்தால் வரும் எண். 25 மி.மீ. குழாய் என்றால் சுவர் 2.3 மி.மீ., உள்ளே மிஞ்சும் ஓட்டை சுமார் 20.

இந்த இடத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள், நானும் தடுமாறினேன். போலி பைப்பின் அளவு வெளிவிட்டம். பழைய இரும்புப் பைப்பின் அரை அங்குலம், முக்கால் அங்குலம் என்பது உள் ஓட்டையை ஒட்டிய பெயர். முக்கால் அங்குல இரும்புக்கு மாற்று 25 மி.மீ. போலி. இருபது என்றால் முக்கால்தானே என்று 20 மி.மீ. வாங்கினால் அரை அங்குலம்தான் கிடைக்கும். அடுத்த தாமானில் ஒருவர் வீடு முழுக்க அப்படி ஓட்டிவிட்டு, தண்ணீர் இலாகா அழுத்தத்தைக் குறைத்துவிட்டது என்று திட்டிக்கொண்டு திரிந்தார்.

கடையில் எஸ்.டி.ஆர். 11-க்குப் பக்கத்திலேயே சுவர் மெல்லிய சுருள் ஒன்று, மீட்டருக்கு முக்கால் வெள்ளி (ரிங்கிட்) குறைவு. அழுத்திப் பார்த்தால் விரலுக்கு வளைந்து கொடுத்தது. அச்சில் தர எண் எதுவும் இல்லை, காய்கறித் தோட்டத்துக்கு என்றார் தவுக்கே. நேர்மையான மனிதர். குடிதண்ணீருக்கு ஸ்பான் (மலேசிய நீர்ச்சேவை ஆணையம்) அங்கீகாரம் உள்ள பொருளைத்தான் போட வேண்டும் என்று தம்பி பிடிவாதமாக நின்றான்.

ஒட்டு போடுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். ரம்பத்தால் அறுக்கவில்லை. கத்தரி மாதிரி ஒரு வெட்டி, ஒரே அழுத்தில் நேராக வெட்டியது. பிறகு வெட்டுவாயின் வெளி விளிம்பைக் கத்தியால் சுற்றிச் சீவினான், பென்சில் சீவுகிற மாதிரி, கறுப்புச் சுருள் சுருளாக விழுந்தது. எதற்கு என்று கேட்டதற்கு நட்டைத் திறந்து காட்டினான். உள்ளே பிளந்த வளையம் ஒன்று, அது பைப்பை வெளியிலிருந்து கவ்வும். அதற்குப் பின்னால் ஓ-ரிங், கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம். சீவாத கூர் விளிம்பைத் திணித்தால் ஓ-ரிங்கைக் கிழித்துக்கொண்டுதான் உள்ளே போகும். அன்று மாலையே தெரிந்தது. பதினொரு ஒட்டில் ஒன்று சொட்டியது, அவசரத்தில் சீவ மறந்தது அது ஒன்றுதான். கழற்றியபோது ஓ-ரிங்கில் நகக்கீறல் மாதிரி ஒரு வெட்டு.

வெயிலுக்கு இந்தக் கறுப்பு நிறம்தான் கவசம். பிளாஸ்டிக்கில் கரித்தூள் கலந்திருப்பதால் சூரியன் உள்ளே போய்க் கெடுக்க முடியாது. என் வீட்டுக் கொல்லையில் துணி துவைக்கும் இடத்துக்கு ஓட்டின துண்டு பத்து மாத வெயிலில் கிடக்கிறது, வெளுக்கக்கூட இல்லை. அதற்குப் பதில் ஒளி ஊடுருவும் பி.வி.சி. ஹோஸ் போட்ட பக்கத்து வீட்டில் உள்ளே பாசி பிடித்துப் பச்சைப் பாம்பாகத் தொங்குகிறது. கூரைக்கு அடியில் மத்தியானச் சூட்டில் பிளாஸ்டிக்கின் பலம் குறையாதா என்று நான் கேட்டேன். குறையும். 40 டிகிரியில் முக்கால் பங்குக்கும் சற்றுக் குறைவாகத்தான் மிஞ்சும், 16 பார் குழாய் 12 பாரைக்கூடத் தொடாது. ஆனால் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீருக்கு ஒரு பார்கூடக் கிடையாது. அதைப் பற்றிப் பிறகு.

போலிக்கு ஆகாத ஒன்று சுடுதண்ணீர். முறுக்கு சட்டிகளின் எண்ணெய்ப் பிசுக்குக்குச் சுடுதண்ணீர் இல்லாமல் முடியாது. ஒரு சின்ன ஸ்டோரேஜ் ஹீட்டர் மாட்டினேன். அதிலிருந்து சிங்க்குக்கு வரும் வழிக்கு பெக்ஸ் போடலாம் என்றான் தம்பி. சுங்கை சிப்புட்டில் நான் ஏறி இறங்கிய மூன்று கடையில் பெக்ஸ் இல்லை. தவுக்கே பி.பி.ஆர். என்ற வேறொரு பிளாஸ்டிக் குழாயை எடுத்துக்கோ என்றார். அது 260 டிகிரியில் உருக்கி ஒட்டுவது, உருகிய ஒட்டு உடம்பாகவே ஆகிவிடும், நல்ல சாமான்தான். ஆனால் விறைப்பானது, என் சிலிங்குக்குள் கட்டைகளுக்கு இடையில் உருக்கி ஒட்டும் அந்த இஸ்திரிப்பெட்டி மாதிரிக் கருவியை வைத்துக்கொண்டு வேலை செய்ய இடமில்லை. கடைசியில் ஈப்போவிலிருந்து பெக்ஸ் வந்தது.

பெக்ஸும் பாலிஎத்திலீன்தான். சாதா பாலிஎத்திலீன் இடியாப்பம் மாதிரி, இழைகள் ஒன்றின் மேல் ஒன்று கிடக்கும், சூடு பட்டால் வழுக்கிக்கொண்டு போகும். பெக்ஸில் அந்த இழைகளைக் குறுக்கே குறுக்கே முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். அதனால்தான் சுடுதண்ணீரில் தொய்யாது. ஏ, பி, சி என்று மூன்று வகை. ஏ என்றால் முதல் தரம் என்று நினைத்து நான் தவறாக அலைந்தேன். எழுத்து முடிச்சுப் போடும் முறையைச் சொல்கிறது: ஏ பெராக்சைடு, பி சிலேன், சி கதிர்வீச்சு. ஏ வகை அதிகமாக வளையும், மடங்கிப் போனால் சூடு காட்டினால் பழையபடி நிமிரும். நான் வாங்கியது பி. சிலிங்குக் கட்டையில் ஓரிடத்தில் தம்பி அவசரப்பட்டு மடக்கிவிட்டான். வெள்ளைத் தழும்பு விழுந்தது. சூடு காட்டினால் சரியாகாது, அந்த இடத்தை வெட்டி ஒட்டுதான் போட வேண்டியிருந்தது.

என் மச்சான் இதற்கும் ஒன்று சொன்னார்: அமெரிக்காவில் இந்த மாதிரி பிளாஸ்டிக் பைப்பெல்லாம் வீட்டு வீட்டுக்கு வெடித்ததாம். வெடித்தது உண்மை, அது வேறு சரக்கு. பாலிபியூட்டிலீன் என்ற சாம்பல் நிறக் குழாய், அங்கே 1978 முதல் 1995 வரை போட்டது. தண்ணீரிலுள்ள குளோரின் அதையும் அதன் பிளாஸ்டிக் ஒட்டுகளையும் உள்ளிருந்தே நொறுக்கிவிட்டது. வழக்குகள் முடிவில் 1995-ல் ஏறத்தாழ 95 கோடி டாலர் ஒதுக்கினார்கள். மச்சான் படித்தது அதைத்தான், பெயர் மட்டும் மாறிவிட்டது.

பெக்ஸ் ஒட்டுக்குச் செம்பு வளையம். பித்தளை முனையைக் குழாய்க்குள் நுழைத்து, மேலே வளையத்தை வைத்து, நீளக் கைப்பிடி இடுக்கியால் நசுக்குகிறார்கள். பிறகு ஒரு தகட்டு அளவுகோல். அதில் இரண்டு வாய்: ஒன்றுக்குள் வளையம் போக வேண்டும், மற்றதற்குள் போகக் கூடாது. ஆறு வளையத்தில் ஒன்று இரண்டு வாயிலுமே நுழையவில்லை, தம்பி அறுத்துப் போட்டுவிட்டு வேறு போட்டான். கண்ணால் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தன. அந்தத் தகடு இல்லாமல் வேலைக்கு வருகிறவரை நான் இனி வீட்டுக்குள் விடமாட்டேன். ஹீட்டரின் வாயில் நேராக பெக்ஸை மாட்டவில்லை, முதல் முழம் நெளி எவர்சில்வர் குழாய்.

எல்லாம் முடிந்து சுடுதண்ணீரைத் திறந்தேன். சொல்லப்போனால் அழுகை வந்தது. பென்சில் தடிமன் தண்ணீர்க் கம்பி ஒன்று மெதுவாக வந்தது. துருப்பிடித்த இரும்பு கொடுத்ததை விடக் குறைவு.

இங்கேதான் விஷயம். நம் வீடுகளில் குசினியில் ஒரு குழாய் மட்டும் இலாகா வழியிலிருந்து நேராக வரும். மற்றதெல்லாம் கூரைக்கு அடியில் உள்ள தொட்டியிலிருந்து இறங்குவது, ஹீட்டரும் அப்படித்தான். பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார். என் தொட்டி அடியிலிருந்து சிங்க் குழாய் வாய் வரை அளந்தேன், இரண்டரை மீட்டர். ஆகக் கால் பார். அந்தக் கால் பாரை வைத்துக்கொண்டு, அரை அங்குல பெக்ஸின் உள்ளே இருக்கும் 12 மி.மீ. சொச்சம் ஓட்டை வழியாகத் தண்ணீர் வர வேண்டும். பித்தளை முனை அதற்கும் உள்ளே போய் உட்காருகிறது, மிஞ்சிய துண்டை நிமிர்த்திப் பார்த்தால் அதன் ஓட்டையில் என் சுண்டுவிரல் நுனிகூட நுழையவில்லை. போலி பைப்பின் ஒட்டு வெளியிலிருந்து கவ்வுவதால் இந்தக் கஷ்டம் அதற்கு இல்லை. அமெரிக்காவில் இலாகா அழுத்தம் நேராக வீட்டுக்குள் வருகிறது, அரை அங்குலம் போதும். அவர்கள் எழுதி வைத்ததைப் பார்த்து நாம் தொட்டி வீட்டுக்கு வாங்கினால் இதுதான் கதி.

தொட்டியிலிருந்து ஹீட்டருக்கு வரும் வழியும், ஹீட்டரிலிருந்து சிங்க்குக்குப் போவதும் முக்கால் அங்குலமாக மாற்றினோம். உள்ளே 17 மி.மீ. சொச்சம், தண்ணீர் போகும் இடம் ஏறக்குறைய இரட்டிப்பு. நாலு எல்போவை எடுத்துவிட்டு வளைத்தே விட்டான். இப்போது பெரிய சட்டி நிரம்ப ஒன்றரை நிமிடம். எனக்குப் போதும். இரண்டாம் தடவைக் கூலிக்குத் தம்பி பாதிதான் வாங்கிக்கொண்டான், மீதிக்கு முறுக்கு.

இன்னொரு பயம் எலி. பின்னால் செம்பனைத் தோட்டம், எலி பிடிக்க ஆந்தைக்குப் பெட்டி கட்டி வைத்திருக்கிறார்கள், ஆனாலும் மழைக்காலத்தில் எலிகள் எங்கள் சிலிங்குக்குத்தான் குடிவருகின்றன. பெக்ஸை எலி கடிக்கும். எட்டு மீட்டரையும் மின்கம்பி ஓட்டும் வெள்ளைக் குழாய்க்குள் விட்டு இழுத்தோம். வெளிச்சமும் படாது, பெக்ஸுக்கு வெயில் ஆகவே ஆகாது. கடையில் வெளியே வெயிலில் தொங்கும் பெக்ஸ் சுருளை யாராவது மலிவாகக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

பத்து மாதக் கணக்கு: போலி வழியில் அந்த ஒரு சொட்டுக்குப் பிறகு ஒன்றும் இல்லை. பெக்ஸ் ராத்திரியில் சுடுதண்ணீரை மூடியதும் டிக் டிக் என்று நீண்டு சுருங்கும் சத்தம் கொடுக்கிறது, மாமியார் முதலில் பேய் என்றார். கிளிப்பைக் கொஞ்சம் தளர்த்தியதும் பாதி அடங்கியது. அடுத்த தடவை செய்தால் குளிர்தண்ணீருக்கு முழுக்க 25 மி.மீ. போலி, சுடுதண்ணீருக்கு மட்டும் முக்கால் பெக்ஸ், அரை அங்குல பெக்ஸ் தொட்டி வழியில் ஒரு மீட்டர்கூட வேண்டாம். விலை வித்தியாசம் எனக்கு ஒரு நாள் முறுக்குக் காசு.

அந்த இரும்புத் துண்டு இன்னும் சன்னல் ஓரத்தில் இருக்கிறது, பென்சிலோடு. வாடிக்கையாளர்களுக்குக் காட்டக் கடையில் வைத்துக்கொள்கிறேன் என்று தவுக்கே இரண்டு தடவை கேட்டுவிட்டார். ஒரு சுருள் போலி பைப்புக்கு மாற்றித் தருவதாக இருந்தால் யோசிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.